நல்ல நாளுக்கென்று வைத்த திராட்சை இரசம்



குன்றத்தூர் என்றதும் குன்றின்மேல் நிற்கும் முருகன் கோவிலும், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் என்ற பெருமையும் நினைவுக்கு வரும். கடந்த கால் நூற்றாண்டில் இவ்வூருக்கு இன்னொரு முகமும் வந்து சேர்ந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும் 2012-இல் டைம்லர் லாரி ஆலையும் தொடங்கப்பட்டன. அந்த வேலைகளை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பல குடும்பங்கள் குன்றத்தூரிலும் சுற்றுப்புறங்களிலும் வீடு வாங்கிக் குடியேறின. அவற்றில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு.

இத்தகைய வீடுகளின் கண்ணாடி அலமாரியில், மாதா சுரூபத்துக்கும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்கும் நடுவே, ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பணி முடிந்து சொந்த நாடு திரும்பிய வெளிநாட்டு அதிகாரி அன்பளிப்பாகக் கொடுத்திருப்பார். அல்லது துபாயிலிருந்து வந்த மைத்துனர் விமான நிலையக் கடையில் வாங்கி வந்திருப்பார். "நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம்" என்று வைத்த பாட்டில் அது. நல்ல நாட்கள் வந்துகொண்டே இருக்கும். புதுநன்மை வரும், வீடு மந்திரிப்பு வரும். அதைவிடச் சிறந்த நாள் ஒன்று வரும் என்று பாட்டில் மட்டும் அங்கேயே நிற்கும்.

நான் அறிந்த ஒரு வீட்டில் அப்படி ஒரு பாட்டில் 11 ஆண்டுகள் நின்றது. திருமண வெள்ளி விழா அன்று இரவு, பிள்ளைகள், சம்பந்தி வீட்டார், அன்பியத்தார் எல்லாரும் கூடியிருக்க, அதை எடுத்தார்கள். தக்கை பாதியில் பொடிந்தது. கத்தியால் உள்ளே தள்ளி ஊற்றியபோது, சிவப்பாக இருக்க வேண்டியது செங்கல் கலந்த பழுப்பாக வந்தது. காடி வாசனை மூக்கைத் துளைத்தது. வீட்டுத் தலைவி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். மற்றவர்கள் கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டார்கள்.

அந்தக் குடும்பத்தார் செய்த தவறு ஒன்றும் பெரிதல்ல. ஒயின் என்றால் நாளாக ஆக மதிப்புக் கூடும் என்று நம்பினார்கள். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறோம். உண்மை வேறு. உலகில் விற்கப்படும் ஒயின்களில் மிகச் சிறு பகுதியே பல ஆண்டுகள் வைத்து முதிரச் செய்யத் தக்கது. மற்றவை எல்லாம் வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகின்றன. முதிரத் தக்கவையும்கூட ஏறக்குறைய 12 முதல் 15 பாகை வெப்பத்தில், இருட்டில், அசையாமல், படுக்க வைத்துக் காக்கப்பட வேண்டும். படுக்க வைப்பது ஏனெனில், இரசம் பட்டுக்கொண்டிருக்கும் தக்கை காயாமல் உப்பியபடியே இருந்து காற்றை உள்ளே விடாது. நிற்க வைத்த பாட்டிலில் தக்கை உலர்ந்து சுருங்குகிறது. சித்திரை, வைகாசியில் நம் பகுதி வீடுகளில் 35 பாகைக்குமேல் போகிற வெப்பம் இரசத்தை வேகவைத்தது போல் ஆக்கிவிடுகிறது. கண்ணாடி அலமாரியின் குழல் விளக்கும் அதற்குத் துணை செய்கிறது. ஆக, நம் ஊரில் ஒரு நல்ல பாட்டிலுக்கு மிக மோசமான இடம் எதுவோ, அங்கேதான் மரியாதையாக வைக்கிறோம். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு அதைவிட எவ்வளவோ மேல்.

இங்கே பெயர் பற்றி ஒரு சொல். நம் ஊரில் "ஒயின் ஷாப்" என்றால் பிராந்தியும் விஸ்கியும் பீரும் விற்கும் கடை. அங்கே மிகக் குறைவாகப் போகும் சரக்கு ஒயின்தான். சில்லறை மது விற்பனையை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. பெயர் மட்டும் பழைய பழக்கத்தில் நின்றுவிட்டது. இதனால் திராட்சை இரசத்தையும் அந்தக் கடை வாசலில் விழுந்து கிடப்பவரையும் ஒன்றாகவே நினைக்கிறோம். பீடத்தில் வைத்தால் "இரசம்", வீட்டில் வைத்தால் "சரக்கு" என்ற குழப்பமும் வருகிறது.

உண்மையில் தமிழ்நாட்டுக்குத் திராட்சை இரசம் புதிதன்று. புறநானூற்றின் 56-ஆம் பாடலில் நக்கீரர், யவனர் தம் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் பாடுகிறார். புலவரின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, 1945-இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து இரசம் வந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகளைக் கண்டெடுத்தார். நமக்கு இன்னும் அருகில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே வசவசமுத்திரத்திலும் அத்தகைய சாடி ஓடுகள் கிடைத்துள்ளன. பரங்கிமலையில் புனித தோமையார் உயிர் நீத்ததாக நாம் நம்பும் அதே முதல் நூற்றாண்டில்தான் அந்தச் சாடிகளும் இக்கரையில் இறங்கிக்கொண்டிருந்தன.

ஆனால் இங்கேயே கொடி வளர்த்துப் பிழிவது வேறு காரியம். மலபார்க் கரையின் தோமையார் கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து வழிபாட்டுக்குப் பயன்படுத்தியதாக வரலாறு கூறுகிறது. 1599-இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கம், போர்ச்சுக்கல் நாட்டு இரசத்தையே பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. ஒரு குவளை இரசம் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வழியிலேயே புளித்துப் போனால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று நம் பங்குகளில் நாள்தோறும் தவறாமல் கிண்ணத்தில் விழும் அந்தச் சில துளிகளின் பின்னால் இப்படி ஒரு தவிப்பு இருந்திருக்கிறது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வந்த கதையும் இதையொட்டியதே. 1832-இல் பிரான்சு நாட்டுக் குரு ஒருவர் அங்கே திராட்சைக் கொடியை அறிமுகப்படுத்தினார் என்று சொல்லப்படுகிறது. இன்று இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் வட்டாரங்களில் பந்தல் பந்தலாகக் காய்த்துத் தொங்கும் கறுப்புப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். மற்ற இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை என்றால், அங்கே வேளைக்கு ஒரு தோட்டமாக ஆண்டு முழுவதும் வெட்டுகிறார்கள். பெரும்பகுதி பழமாகவே விற்கப்படுகிறது. கோயம்பேடு வழியாகக் குன்றத்தூர்த் தள்ளுவண்டிக்கும் வருகிறது. அந்தப் பழத்தை வாயில் போட்டதும் ரோஜாவைப் போல் ஒரு மணம் எழுகிறதல்லவா? அதுவே இரசத்திலும் இறங்கும். ஒயினின் மணத்தைப் பற்றிப் பேசினால் "அதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்வது" என்று சிரிப்பவர்கள், ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையை முகர்ந்து பார்க்கட்டும்.

இனி, பாட்டிலைத் திறப்பதற்கு வருவோம்.

ஒயினை "அறை வெப்பத்தில்" பருக வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பிய வீட்டின் அறை. 16 முதல் 18 பாகை. நம் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழேயே 32 பாகை இருக்கும். அந்த வெப்பத்தில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் ஏறும், பழ மணம் எழாது. எனவே வெளியில் இருந்த பாட்டிலானால் முக்கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நாட்கணக்கில் உள்ளே இருந்ததானால், அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள். பனிக்கட்டி போடவே வேண்டாம்.

பழைய பாட்டிலானால் முந்தின நாளே நிமிர்த்தி வைக்க வேண்டும். அடியில் மண்டி படியும். கழுத்தைச் சுற்றியுள்ள தகட்டை விளிம்புக்குக் கீழே வெட்டி எடுத்து, வாயை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கார்க் ஸ்க்ரூ எனப்படும் தக்கைத் திருகியின் முனையைத் தக்கையின் நட்டநடுவில் நிறுத்தி, நேராகத் திருகி இறக்கி, அவசரமின்றி மேலே இழுக்க வேண்டும். டப்பென்று ஒலி எழுப்புவது திறமை அல்ல; பெருமூச்சு விட்டது போல் வந்தால் போதும். திருகி இல்லாத வீடுகளில் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் என்று ஆலை வேலையின் சாமர்த்தியமெல்லாம் வெளியே வரும். கை கிழிந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். திருகி பெரிய விலை இல்லை. சில பாட்டில்களுக்குத் திருகு மூடி இருக்கும். அதனால் தரம் குறைவு என்று பொருளல்ல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் நல்ல ஒயின்களே அப்படித்தான் வருகின்றன.

தக்கை வந்ததும் முதலில் மூக்குக்கு வேலை. மழையில் நனைந்த அட்டைப் பெட்டி, ஈரச் சாக்கு போன்ற வாடை அடித்தால் தக்கையில் உண்டான ஒருவகை வேதிப்பொருளால் இரசம் கெட்டிருக்கிறது என்று பொருள். உடலுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் சுவை இருக்காது. காடி வாடை அடித்தால் காற்று புகுந்து புளித்துவிட்டது. இரண்டும் இல்லையென்றால், ஒரு கண்ணாடிக் கூஜாவில் மெதுவாகச் சரித்து ஊற்றலாம். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைத்தால், மண்டி கழுத்தருகே வருவது தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இளமையான, கடுந்துவர்ப்புள்ள ஒயின் கூஜாவில் அரை மணி நேரம் காற்று வாங்கினால் மென்மையாகும். மிகப் பழையதை அப்படிக் காத்திருக்க வைக்கக்கூடாது. அதன் மணம் அதற்குள் போய்விடும்.

கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீதி இடம் மணத்துக்கு. வெண்கலம், பித்தளைத் தம்ளர்கள் வேண்டாம். இரசத்தின் புளிப்பு உலோகத்தோடு வினை புரியும். துருப்பிடிக்கும் உலோகத்தால் செய்த திருப்பலிக் கிண்ணத்துக்கு உட்புறம் பொன்முலாம் பூசப்பட வேண்டும் என்று திருச்சபை ஒழுங்கு கேட்பதற்கு மரியாதையோடு இந்தக் காரணமும் சேர்கிறது.

பிறகு, பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி மேல் சாய்த்துப் பிடித்தால், இளம் இரசம் நாவல்பழ நிறத்திலும், வயதானது ஓரத்தில் செங்கல் நிறத்திலும் தெரியும். மெல்லச் சுழற்றி முகர்ந்து, சிறு மிடறு எடுத்து, வாய் முழுவதும் பரவவிட்டு விழுங்க வேண்டும். புளிப்பு நாக்கின் ஓரங்களில் உமிழ்நீரைச் சுரக்க வைக்கும். ஈறுகளை இறுக்கிப் பிடிப்பது துவர்ப்பு. இந்தச் சுவைக்கு ஆங்கிலேயர் பெரிய விளக்கம் எழுதுவார்கள். வாழைப்பூவும் பிஞ்சு கொய்யாவும் தின்று வளர்ந்த நமக்கு அறுசுவையில் அதற்கு ஓர் இடமே இருக்கிறது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அது வருகிறது. ஆட்டிறைச்சியின் கொழுப்பு அந்தத் துவர்ப்பைத் தணிக்கும். ஆனால் காரம் மிகுந்த சுக்காவோடு வைத்தால் இரண்டும் சண்டையிடும். சாராயம் காரத்தைக் கூட்டிக் காட்டும். தேங்காய்ப்பால் ஊற்றிய இறைச்சி இஸ்டுவும் ஆப்பமும் பொருத்தமாக இருக்கும். இனிப்பு ஒயினானால் சாப்பாட்டுக்குப் பின், கிறிஸ்துமஸ் கேக்கோடு.

750 மில்லி பாட்டிலில் 5 கோப்பை வரும். அளவே சொல்கிறது, இது தனியே குடிப்பதற்கல்ல என்று. கானாவூர்த் திருமணத்தில் இருந்த ஆறு கல்சாடிகளின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 470 முதல் 700 லிட்டர் வரை வருகிறது. ஒரு குடும்பத்துக்கு அல்ல, ஓர் ஊருக்கான இரசம் அது. நம் ஆண்டவர் அதைச் செய்ததும் அடுத்த விழாவுக்கென்று மூடி வைக்க அல்ல. அன்றே மொண்டு பந்தி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகச் சொன்னார்.

இதைப் படிக்கும் கோவில்பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருச்சபைச் சட்டம் 924, திருப்பலிக்கான இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகச் செய்யப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2004-இல் வெளியான "மீட்பின் அருளடையாளம்" என்ற வழிமுறை ஏடு, ஐயத்துக்குரிய இரசத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறுகிறது. சிவப்பா வெள்ளையா என்பதில் கட்டுப்பாடு இல்லை. துகிலில் கறை படியாதென்று வெள்ளையை விரும்பும் நாடுகள் உண்டு. மாதம் ஒரு முறை திருப்பலி நடக்கும் கிளைக் கோவில்களில், திறந்த பாட்டில் சக்கிறீஸ்துவின் தகரக் கூரைக்குக் கீழே வாரக்கணக்கில் இருப்பதைக் காண்கிறோம். அது காடியாகிவிட்டால் திருப்பலிக்குத் தகுதியான பொருளே அல்ல. சிறு பாட்டில்களாக வாங்குங்கள். திறந்த தேதியை மேலே ஒட்டுங்கள். பூசைக்கு முன் முகர்ந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு நாட்டின் முன்னோடியாக 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. பின்னர் தளர்ந்தும் இறுகியும் வந்த சட்டங்களுக்கிடையே, திருப்பலி இரசத்துக்கென்று 1984-இல் தனி விதிகளே வகுக்கப்பட்டன. ஆனால் வீட்டில் செய்யும் இரசத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே சீனச் சாடியில் திராட்சையும் சர்க்கரையும் கோதுமையும் போட்டுப் புளிக்க வைக்கும் பழக்கம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. நம் வீடுகள் சிலவற்றுக்கும் அது பரவியிருக்கிறது. உரிமம் இன்றி மது தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், சர்க்கரையும் கோதுமையும் சேர்ந்த அந்த இரசம் எக்காரணத்துக்காகவும் பீடத்துக்கு வரக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தனையும் சொன்ன பின், பாட்டிலைத் திறக்கக்கூடாத வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். இதை எழுத எனக்குத் தயக்கம் இருந்ததற்குக் காரணமே அதுதான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்குக் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்குபவர் நேரே வீட்டுக்கு வருவாரா என்று வாசலில் நிற்கும் பெண்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. 13 விழுக்காடு ஒயின் ஒரு கோப்பையில் ஏறக்குறைய 15 கிராம் சாராயம் இருக்கிறது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயத்தைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம்; ஓரிரு கோப்பையே சிலரை அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோய்விடும். விருந்துக்கு வந்தவர் பைக்கில் வந்திருந்தால் அவர் கோப்பையில் எலுமிச்சைச் சாறு இருக்கட்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாத பிள்ளைகளுக்கு "ஒரு சொட்டுதானே" என்றுகூட ஊற்ற வேண்டாம்.

குடியிலிருந்து மீண்டு, ஒவ்வொரு நாளாக எண்ணி வாழ்கிற ஒருவர் அந்த மேசையில் இருந்தால், பாட்டில் எவ்வளவு அரியதானாலும் வெளியே வரக்கூடாது. அவர் வீட்டிலேயே அது அலமாரியில் நிற்கிறதென்றால், இன்றே யாருக்காவது கொடுத்துவிடலாம். "மரியாதைக்கு ஒரு வாய்" என்று வற்புறுத்தும் மாமன் மச்சான்களால் பல ஆண்டு மீட்சி ஒரே இரவில் கலைந்ததை நான் கண்டிருக்கிறேன். திருச்சபையே இவ்வகையில் எவ்வளவு கரிசனையாக நடக்கிறது பாருங்கள். குடிநோயிலிருந்து மீண்ட குரு, ஆயரின் அனுமதியோடு "முஸ்தும்" எனப்படும் திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம். புளிக்கும் வினை நிறுத்தப்பட்ட, இயல்பு மாறாத சாறு அது. சாராயம் அதில் இல்லை என்னும் அளவுக்கே இருக்கும். 2003-இல் அன்றைய கர்தினால் இராட்சிங்கர் எழுதிய மடல் இதைத் தெளிவாக்கியது. 2017-இல் திருவழிபாட்டுப் பேராயம் அனுப்பிய சுற்றுமடலிலும் இது இடம்பெற்றது. அத்தகைய குருவைப் பார்த்து யாரும் முணுமுணுக்க இடமில்லை. இரசம் அருந்த இயலாத விசுவாசி அப்பத்தின் வடிவில் மட்டும் உட்கொண்டாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார்.

திறந்த பாட்டிலில் மிஞ்சினால் தக்கையைத் திரும்பச் செருகிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். மூன்று, நான்கு நாட்கள் தாங்கும். அதற்குமேல் போனால் இறைச்சி ஊறவைக்க உதவும்.

வெள்ளி விழா வீட்டார் அன்று பழுப்பு இரசத்தைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். பாட்டிலைக் கழுவி, நீர் நிரப்பி, மணி பிளாண்ட் வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு மகன் ஒரகடத்தில் பதவி உயர்வு பெற்றபோது வேறொரு பாட்டில் வந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு அதைத் திறந்தார்கள். ஐந்து பேர் இருந்தோம்.